சங்கிலி ரம்பம் முரண்டு பிடிக்கிறதா? எரிபொருள் பாதையைப் பாருங்கள்

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த மறுநாள், ரம்புத்தான் கிளை ஒன்று வேலியின் மேல் முறிந்து கிடக்கிறது. ஆறு மாதமாகச் சாமான் அறையில் இருந்த சிறிய சங்கிலி ரம்பத்தை எடுத்துக் கயிற்றை இழுத்தால் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப் போகிறது. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நீண்ட நாள் சும்மா கிடந்த ரம்பங்களில் கோளாறு பெரும்பாலும் எரிபொருள் பாதையில்தான் இருக்கும். பொறுமையும் சில எளிய கருவிகளும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

தலைகீழாகவும் ஓடும் இயந்திரம்

பழைய மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணமும் அதில் ஒரு மிதவையும் உண்டு. வண்டி நேராக நிற்கும் வரை அது சரியாக வேலை செய்யும். ரம்பத்தையோ பக்கவாட்டிலும் சாய்த்தும் பிடித்து வெட்ட வேண்டியிருக்கிறது. மிதவை அங்கே பயன்படாது.

அதனால் ரம்பத்தின் கார்புரேட்டரில் மெல்லிய சவ்வுகள் இரண்டைப் பொருத்தியிருக்கிறார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் அடியில் உள்ள அறையில் காற்றழுத்தம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக முதல் சவ்வை அசைக்கிறது. சவ்வு பம்பாக மாறித் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இரண்டாவது சவ்வு ஒரு நெம்புகோலை அழுத்தி, ஊசி போன்ற அடைப்பானைத் திறந்து மூடி, தேவையான அளவு மட்டும் உள்ளே விடுகிறது. சவ்வு மிருதுவாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு நடக்கும்.

பெட்ரோலுக்கும் வயதாகும்

பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் எளிதில் தீப்பற்றும் இலேசான பகுதிகள் முதலில் ஆவியாகிவிடும். எஞ்சியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாக மாறும். மயிரிழை அளவுள்ள துளைகளை அடைக்க அந்தப் பிசின் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் நாடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும்.

அசட்டையாக விட்டால் என்ன ஆகும்? சிறிய ரம்பங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டடி இயந்திரங்கள். கார்களைப் போல அவற்றுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழவழப்பைத் தருகிறது. குழாயில் விரிசல் விழுந்து காற்று புகுந்தாலோ, வடிகட்டி பாதி அடைத்தாலோ, பெட்ரோலோடு எண்ணெயும் குறையும், சூடு ஏறும். பிஸ்டனும் சிலிண்டரும் உரசிக் கீறல் விழும். ஒரு சாண் குழாயை மாற்றாமல் விட்டதற்கு இயந்திரத்தையே விலையாகக் கொடுக்க நேரும். பாதி வெட்டிய மரத்தடியில் ரம்பம் நின்றுபோனால் ஆபத்து வெட்டுபவருக்குத்தான்.

எங்கே தொடங்குவது?

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள சாமி விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி வையுங்கள்.

சில முறை கயிற்றை இழுத்த பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறியைச் சந்தேகிக்கலாம், அல்லது அளவுக்கு மேல் பெட்ரோல் புகுந்திருக்கலாம். ஏர் ஃபில்டரில் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சில நிமிடம் ஓடி நின்று, தொட்டி மூடியைத் தளர்த்திய பின் மீண்டும் ஓடினால், தொட்டிக்குள் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புக வேண்டும். புகாவிட்டால் பம்பால் இழுக்க முடியாது.

வடிகட்டியும் குழாயும்

பழைய பெட்ரோலை ஒரு கலனில் வடித்துவிட்டு, முனை வளைத்த கம்பியால் தொட்டிக்குள் கிடக்கும் குழாயை வெளியே இழுங்கள். அதன் நுனியில் வடிகட்டி இருக்கும். ரம்பம் எப்படிச் சாய்ந்தாலும் பெட்ரோல் இருக்கும் பக்கம் விழும்படி அதற்குச் சற்றுக் கனம் கொடுத்திருப்பார்கள். அது கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

குழாயை மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ அதன் காலம் முடிந்தது. தொட்டிச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில்தான் விரிசல் அதிகம் விழும். பழைய துண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, உள்சுற்றும் வெளிச்சுற்றும் ஒத்த குழாயை வாங்குங்கள். புதுக் குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டினால் துளைக்குள் எளிதாக நுழையும். குறடால் இழுத்தபின் நுனியை நேராக நறுக்கிவிடலாம்.

கார்புரேட்டரைத் திறந்தால்

இவ்வளவு செய்தும் ஓடாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும் முன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சவ்வும் அட்டை வளையமும் வரிசை மாறினால் இயந்திரம் ஓடாது. காகிதம் போல மொடமொடக்கும் சவ்வு இனி உதவாது. உங்கள் கார்புரேட்டரின் எண்ணைச் சொன்னால் சவ்வுகள் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பு கடையில் கிடைக்கும். துளைகளைக் கார்புரேட்டர் கிளீனரால் கழுவுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அளவு கெட்டுப்போகும். கலவையைச் சரிசெய்யும் சிறு திருகாணிகளையும் கண்டபடி திருகாதீர்கள்.

பூட்டி முடித்ததும் புதுக் கலவையை ஊற்றுங்கள். 50:1 என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் இரண்டடி எண்ணெய். 25:1 என்றால் 40 மில்லி லிட்டர். கசிவு இல்லை என்று உறுதிசெய்து, சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளிப் போய் இயக்குங்கள். விசையை விட்டதும் சங்கிலி நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் மரத்தில் வைக்காதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மூடிய கலனில் வைத்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள். இனிமேல் ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து, ரம்பத்தை எடுத்து வைக்கும் முன் தொட்டியைக் காலிசெய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டால், அடுத்த புயல் மழைக்குப் பிறகு கயிற்றை இழுக்கும்போது இத்தனை வேலையும் மிச்சம்.