கோயில் மேட்டில் நான் கற்ற சித்திரப் பாடம்

பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் ஒரே படத்தைத்தான் போட்டு வந்தேன். நடுவே ஒரு புள்ளி. அதை நோக்கி ஓடும் இரண்டு தண்டவாளங்கள். ஓரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் தந்திக் கம்பங்கள். பயிற்சிக் கல்லூரியில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரியும். இணைகோடுகள் ஒரு புள்ளியில் கூடும். இவ்வளவு தெரிந்தால் போதாதா?

போதாது என்று காட்டியவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. லயத்து வீடுகளை வரைந்து வரச் சொல்லியிருந்தேன். அவள் புள்ளியைக் கூரைகளுக்கு மேலே, தாளின் உச்சியருகே வைத்திருந்தாள். கூரைக் கோடுகள் இறங்காமல் மேல்நோக்கி ஏறிப் போயின. சிவப்பு மையில் ‘தவறு’ என்று எழுதிவிட்டேன்.

“கோயில் மேட்டுல உட்கார்ந்து வரைஞ்சேன் சார். அங்கேருந்து பார்த்தா அப்படித்தான் தெரியுது” என்றாள். குரல் தழுதழுத்தது.

மறுநாள் வகுப்பையே மேட்டுக்கு அழைத்துப் போனேன். ஒரு புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்தேன். மேலட்டையும் தெரியவில்லை, கீழட்டையும் தெரியவில்லை. அதுதான் கண்மட்டம். லயத்துக் கூரைகள் எல்லாம் அதற்குக் கீழேதான் இருந்தன! சமதரையில் ஓடும் கோடுகள் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் கூடும். மேடேறினால் அந்தப் புள்ளியும் நம்மோடு ஏறும். கீழே போய் உட்கார்ந்தால் இறங்கும். இத்தனை காலம் புள்ளியை வைத்தேனே தவிர, அது யாருடைய கண் என்று கேட்டதில்லை.

“அவள் போட்டது சரி, நான் போட்டதுதான் தவறு” என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே சொன்னேன். உடனே ஒரு பையன், “பால்மர நிரையில மரத்துக்கு மரம் எவ்வளவு தள்ளிப் போடறது சார்?” என்றான். அதையும் நான் குத்துமதிப்பாகவே போட்டு வந்திருந்தேன்.

அன்றிரவு பல தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகே வழி பிடிபட்டது. மர உச்சிகளுக்கு ஒரு கோடும் அடிகளுக்கு ஒரு கோடும் அந்தப் புள்ளிக்கு இழுங்கள். இடையில் இரண்டு மரங்களை நிறுத்துங்கள். முதல் மரத்தின் உச்சியிலிருந்து இரண்டாம் மரத்தின் சரிபாதி வழியாகக் கோடு போட்டால், அது அடிக்கோட்டைத் தொடும் இடமே மூன்றாம் மரம். முதல் மரமும் மூன்றாவதும் ஒரு கதவின் இரு பக்கச் சட்டங்கள் என்று வையுங்கள். குறுக்குக் கோடு நடுச் சட்டத்தைப் பாதியில்தானே வெட்டும்?

வீட்டில் கண்ணாடி ஜன்னல் இருந்தால், ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், தெரிவதைச் சோப்புத் துண்டால் கண்ணாடி மேலேயே வரையச் சொல்லுங்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1525இல் வெளியிட்ட நூலில், ஒருவர் இப்படிக் கண்ணாடியில் வரையும் படமே இருக்கிறது.

அந்த மாணவி பிறகு ஒரு நிரை முழுவதையும் வரைந்தாள். பால் வெட்டும் அவள் தாயார் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் சரிதான் சார். நாலாவது மரம் காத்துல சாய்ஞ்சு கிடக்கே, அதை ஏன் நேரா நிறுத்தியிருக்கா?” என்றார்.