19 வயசு கேப்டன்!

பத்தொன்பது வயசுல நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? அரியர் எண்ணுவோம், கேன்டீன்ல கடன் ஏத்துவோம். சென்னைப் பொண்ணு அனிதா பால்துரை அந்த வயசுல இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கே கேப்டன்!

முதலில் தடகளம், வாலிபால் என்று ஓடியவர், 11 வயதில் கூடைப்பந்துக்கு மாறினார். ஆட்டத்துக்கு நடுவிலேயே பி.காம்., எம்.பி.ஏ.வும் முடித்தார். ஆசிய சாம்பியன்ஷிப் மட்டும் ஒன்பது முறை!

குழந்தை பிறந்தா, 'இனி அவ்வளவுதான்'னு ஊர் சொல்லும் இல்லையா? அவரோ மறுபடியும் ஷூவைக் கட்டினார். 2017, பெங்களூரு. ஆசியக் கோப்பை 'பி' பிரிவு ஃபைனலில் கஜகஸ்தானை இந்தியா வீழ்த்தியபோது, அந்த அணியில் அம்மா அனிதாவும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ தேடி வந்தது.

'கல்யாணம் ஆன பொண்ணுக்கு கிரவுண்ட் எதுக்கு?'ன்னு யாராவது கேட்டா, அந்த ஃபைனல் ஸ்கோரைச் சொல்லுங்க... 75-73!