லயன் வீடு யாருக்குச் சொந்தம்?

பாவா ஆதம் மலைக்காக நல்லதண்ணி வரை சென்றவர்கள், தேயிலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயன்களைக் கண்டிருப்பீர்கள். ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் சிறு இஸ்தோப்பு. அடுப்பும் தொட்டிலும் அதற்குள்தான்.

மலைநாட்டில் முன்பு காடாகக் கிடந்த மண் இது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் காடுகளை அரசுடைமையாக்கிய வெள்ளையர், அவற்றைத் தோட்டத்துரைமாருக்கு விற்றனர். முதலில் கோப்பி, 1869இல் தோன்றிய இலைநோய் அதை அழிக்கவே, தேயிலை பரவியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கென எழுந்தவையே லயன்கள். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குப் போனது. துரைமார் மாறினார்கள், லயனுக்குக் காணி உறுதி வரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை தந்தது. ஆனால் வாக்குச்சீட்டு வந்த வீட்டுக்குள் உறுதிப்பத்திரம் வரவில்லை.

2015க்குப் பின் தனி வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி தரும் திட்டம் தொடங்கியது. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அது கிடைக்காமல் லயனிலேயே காத்திருப்போர் இன்னும் ஏராளம்.

சகோதரிகளே, கொழுந்து பறிப்பதும் பெண், அந்த அறையைக் குடும்பமாக்கியதும் பெண். உறுதி எழுதும் நாளில் அவள் பெயரும் அதில் இருக்க வேண்டாமா?