வயரில் பிழையில்லை – 6: பிரசெல்ஸில் தொடங்கிய கோளாறு

சென்ற வாரக் கதை வயரோடு முடிந்தது. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயருக்குள் டேட்டாவுக்குரிய இரண்டு கம்பிகளும் இருக்காது. மீதி பழைய இதழில் இருக்கிறது. இந்த வாரம் பாமினி எழுத்துரு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குள் ஐரோப்பிய வழக்கொன்று குறுக்கே வந்துவிட்டது.

சாய்ந்தமருது பிரதான வீதியிலுள்ள கொமினிகேஷன் கடைகளில் அடிக்கடி கேட்கிற வாசகம் இது: "காக்கா, டெப்ப போட்டா சார்ஜ் ஏறுது, கம்பியூட்டர்ல ஒண்டும் காட்டுதில்ல." சொல்பவர் வட்ஸ்அப்பில் வந்த வினாத்தாளைப் பிரின்ட் எடுக்க வந்த டியூஷன் ஆசிரியராக இருக்கலாம். கட்டாரிலிருந்து வாப்பா கொண்டுவந்த டெப்பில் நிரம்பிக் கிடக்கிற கல்யாணப் படங்களை இறக்க வந்த மகளாகவும் இருக்கலாம்.

முதல் மருந்து எளியது. 2015இல் வந்த அண்ட்ரொயிட் 6 முதல், வயரைச் செருகியதும் டெப் சார்ஜ் மட்டுமே ஏற்றும். உள்ளே இருப்பதைத் தானாகக் காட்டாது. ஸ்கிரீன் லொக்கைத் திறந்து, மேலிருந்து விரலால் இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, 'ஃபைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அநேகமாக அதோடு சரிவரும். உள்ளே போனதும் வட்ஸ்அப் போல்டரைக் காணவில்லை என்று திகைப்போர் உண்டு. முன்பு அது வெளியிலேயே கிடந்தது. அண்ட்ரொயிட் 11க்குப் பிறகு 'அண்ட்ரொயிட்' போல்டருக்குள் 'மீடியா', அதற்குள் 'கொம்.வட்ஸ்அப்' என்று போய்த் தேட வேண்டும்.

இத்தனைக்கும் மசியாத கம்பியூட்டர் ஒன்று எப்படியும் இருக்கும். அதே வயர், அதே டெப், பக்கத்து மேசைக் கம்பியூட்டரில் உடனே திறக்கும், இதில் திறக்காது. டிவைஸ் மேனேஜரில் டெப்பின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் திரும்ப அதே முக்கோணம்தான்.

காரணத்தைப் பிடிக்க 2011 வரை பின்னோக்கிப் போக வேண்டும். அதுவரை அண்ட்ரொயிட் கருவிகள் கம்பியூட்டருக்கு பென் ட்ரைவ் போலத்தான் தெரிந்தன. வயரைப் போட்டதும் சேமிப்பிடம் முழுவதும் கம்பியூட்டரின் கைக்குப் போய்விடும். அது திரும்பத் தரும்வரை கருவியால் அந்த இடத்தைத் தொட முடியாது. 2011இல் டெப்களுக்கென்றே வந்த அண்ட்ரொயிட் 3.0, மோட்டோரோலா சூம் டெப்போடு அந்த வழக்கத்தை விட்டுவிட்டு எம்டிபி என்ற முறைக்கு மாறியது. கடைச் சாவியையே கொடுத்துவிடுவதற்கும், கவுண்டரில் நின்று கேட்ட சாமானை மட்டும் எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இப்போது சாவி டெப்பிடமே இருக்கிறது. கம்பியூட்டர் கேட்க வேண்டும், டெப் கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே முறை தெரிந்திருக்க வேண்டும்.

அந்த முறை அண்ட்ரொயிட்டுக்காகப் பிறந்ததல்ல. கமராக்களிலிருந்து படம் இறக்கும் பழைய முறையொன்றை விரித்து, பாட்டுக் கேட்கும் சிறு கருவிகளுக்காக மைக்ரோசொஃப்ட் 2004இல் உருவாக்கியது. ஆகவே விண்டோஸில் அதன் இருப்பிடமும் பாட்டு, வீடியோ சாமான்களுக்கு நடுவில்தான்.

அதே 2004இன் மார்ச் மாதம் பிரசெல்ஸிலுள்ள ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொஃப்ட்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. விண்டோஸோடு மீடியா பிளேயரையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது மற்றக் கம்பனிகளின் பிளேயர்களை நசுக்குகிறது என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்பனைக்கு விட வேண்டும் என்று ஆணைக்குழு உத்தரவிட்டது. மைக்ரோசொஃப்ட் அதற்கு முதலில் வைக்கப் பார்த்த பெயரே ஒரு வேடிக்கை: 'ரிடியூஸ்ட் மீடியா எடிஷன்'. குறைத்த சரக்கு என்று நெற்றியில் ஒட்டிவிட்டால் யார் வாங்குவார்? ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. கடைசியில் 'என்' என்ற ஒற்றை எழுத்தோடு 2005இல் அந்தப் பதிப்பு வெளிவந்தது. விலை மட்டும் முழு விண்டோஸின் அதே விலை! ஐரோப்பாவில் அதைத் தேடி வாங்கியவர்கள் மிகச் சிலர். தென்கொரியாவிலும் இதே மாதிரி வழக்கு நடந்து, அங்கே 'கேஎன்' என்றொரு பதிப்பு பிறந்தது. மைக்ரோசொஃப்ட் மேன்முறையீடு செய்து பார்த்தது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணைக்குழுவின் தீர்ப்பை உறுதிசெய்தது. விண்டோஸ் 10, 11 வரைக்கும் 'என்' தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

மீடியா சாமான்களை வெளியே எடுத்தபோது, அவற்றோடு ஒட்டியிருந்த எம்டிபியும் சேர்ந்து போய்விட்டது. 'என்' பதிப்பு ஓடுகிற கம்பியூட்டருக்கு டெப்போடு பேசுகிற முறை தெரியாது.

ஐரோப்பாவுக்கென்று செய்தது அம்பாறைக் கரைக்கு எப்படி வந்தது? விண்டோஸ் 10ஐப் போடும்போது எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பல பதிப்புகள் சேர்ந்த டிஸ்க்கில் 'ஹோம்' என்பதன் அருகே 'ஹோம் என்', 'புரோ' என்பதன் அருகே 'புரோ என்'. வரிசையில் ஆட்கள் நிற்க, அவசரத்தில் மவுஸ் ஒரு வரி கீழே இறங்கினால் போதும். அன்றைக்கு அந்த இயந்திரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். முதல் டெப்பைச் செருகும் நாளில்தான் விஷயம் வெளியே வரும்.

கண்டுபிடிக்கிற வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், 'அபௌட்' என்று போய் எடிஷன் என்ற வரியைப் பாருங்கள். கடைசியில் 'என்' இருந்தால் வயரையும் டெப்பையும் திட்டுவதை விட்டுவிடலாம். விண்டோஸை மீண்டும் போடவும் வேண்டாம். செட்டிங்ஸில் 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அதில் 'மீடியா ஃபீச்சர் பெக்' என்பதைச் சேர்த்து, இன்டர்நெட்டில் இறங்கி முடியும்வரை பொறுத்து, கம்பியூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் முக்கோணம் மறையும். இது இலவசம்.

டெப் திறந்த பிறகு கவனிக்க இரண்டு விஷயம். எம்டிபி ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஆயிரக்கணக்கான சிறு படங்களைக் கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்து தவழும். டெப்பிலேயே அவற்றை ஸிப் செய்து ஒரே ஃபைலாக இறக்கினால் நேரம் மிச்சம். அடுத்தது, 'கட்' செய்து ஒட்டாதீர்கள். இடையில் வயர் அசைந்தால் படம் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாகலாம். கொப்பி செய்து, திறந்து பார்த்து, பிறகு டெப்பில் அழியுங்கள்.

பாமினி அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஃபைல் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகும் டெப்பில் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்தாய்ச் சிதறிக் கிடப்பது ஏன் என்பது அதில். அதுவரை, கம்பியூட்டரில் பாமினியில் அடித்த எதையும் பிடிஎஃப் ஆக்கிய பிறகே டெப்புக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)