வீட்டுக் குப்பையும் வாவிக் கரையும்

குப்பை என்னும் சொல்லை நம் முன்னோர் இழிபொருளில் மட்டும் வழங்கவில்லை. எருவுக்கும் அதுவே பெயர். வளவின் சருகும் மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் ஓரிடத்திற் குவிந்து உக்கி, விதைப்புக்கு முன் வயலைச் சென்றடைந்தன. தேங்காய் மட்டை தும்பாயிற்று, ஓலை கிடுகாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, சிரட்டை அகப்பையாயிற்று. வீட்டிலிருந்து எறிவதற்கென்று பெரிதாக எதுவும் எஞ்சவில்லை. மீள்சுழற்சி என்று நாம் இன்று அழைப்பது அக்காலத்தில் பெயரின்றியே நடந்தது.

பொலித்தீன் பையும் பிளாஸ்டிக் போத்தலும் வந்த பின்னர், உக்குவதும் உக்காததும் ஒரே வாளியில் விழலாயின. சிக்கல் தொடங்குமிடம் அந்த வாளியே. குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்பர். குன்றிமணிக்கு அது பொருந்தலாம்; காகிதத்துக்குப் பொருந்தாது. மீன் கழுவிய நீர் பட்ட காகிதத்தை எவரும் வாங்கார். பொலித்தீன் துண்டுகள் கலந்த பசளையை எந்தத் தோட்டக்காரரும் விரும்பார். தனித்தனியே இருக்கையிற் பயன்படும் பொருள்கள், ஒன்றாய்க் கலந்தவுடன் பயனற்றுப் போகின்றன. கலந்தபின் பிரிப்பது பெரும்பாடு. கலவாமற் காப்பதோ வீட்டிலுள்ளோர் கைக்கு எளிது.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூர் நோக்கிச் செல்லும் பாதையில் உள்ள தன்னாமுனை போன்ற வாவிக்கரை ஊர்களுக்கு இது மேலும் இன்றியமையாதது. 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கடலோடு கலக்கும் வாய்கள் மிகச் சிலவே. பாலமீன்மடு முகத்துவாரத்தைக் கோடையில் மணற்றிட்டு அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போதே அது திறக்கும். ஆகவே வளவிலிருந்து மழைநீரோடு ஓடும் பை எங்கோ தொலைந்து போவதில்லை. கண்டல் வேர்களிற் சிக்கிக்கொள்ளும். மீனவர் வலையில் ஏறும். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் இடத்தை நாமே அடைத்தவர்களாவோம்.

இனி, செய்யவேண்டியது என்ன? நம் நாட்டு வீடுகளில் சேரும் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, சோறு, சருகு ஆகியவற்றை வேறு வாளியில் இட்டு வந்தாலே சுமை பாதியாகக் குறைந்துவிடும். அவற்றைக் கூட்டுப் பசளையாக்கலாம். வாவிக்கரையில் நிலத்தடி நீர் மேலாக இருப்பதால், மாரியிற் கிடங்கு நீர் நிரம்பி அழுகி நாறும். நிலத்தின் மேலே, ஏறத்தாழ மூன்றடி அகலமும் மூன்றடி உயரமுமாகக் கம்பு நட்டு, கிடுகால் அடைத்த கூடே ஏற்றது. மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு சமையற் கழிவு என்ற அளவில் மாறிமாறிப் பரப்பி, இடையிடையே சிறிது மண்ணோ சாணமோ தூவவேண்டும். பிழிந்த துணியின் ஈரமே போதுமானது. வாரமொரு முறை புரட்டிவிட்டால் காற்றுப் புகுந்து நுண்ணுயிர்கள் பெருகும். குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கும் மேல் உயரலாம். இரண்டு மூன்று மாதங்களில் மண்மணம் வீசும் கரிய பசளை கிடைக்கும். நீரைத் தேக்கி வைக்கமாட்டாத நம் மணல் நிலத்துக்கு இதனினும் நல்ல மருந்தில்லை. மீன்தலையும் எலும்பும் நாயையும் ஈயையும் அழைக்குமாதலால், அவற்றைக் கிணற்றுக்குத் தொலைவில், தென்னையடியில் ஆழப் புதைப்பதே தக்கது.

காகிதம், கண்ணாடிப் போத்தல், தகரப்பேணி, பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கழுவி உலர்த்தி ஒரு சாக்கில் இட்டுவைத்தால் பழம்பொருள் வாங்குவோர் எடுத்துச் செல்வர். அலுமினியப் பேணியை உருக்கி மீண்டும் உலோகமாக்க, புதிதாய்த் தாதிலிருந்து எடுப்பதற்குச் செலவாகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே வேண்டும். மழைநீர் தேங்கும் சிரட்டையும் தயிர்க்கோப்பையும் வளவிற் கிடந்தால் ஏறத்தாழ பத்து நாளில் டெங்கு நுளம்பு பிறந்துவிடும் என்பதையும் மறவாதிருப்போம்.

சிலர் எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்திவிடுகின்றனர். பிளாஸ்டிக் புகை நஞ்சாகும். குளோரின் கொண்ட வகைகள் எரிகையில் டயொக்சின் என்னும் கொடிய பொருள் உண்டாகிறது. திறந்த வெளியில் பிளாஸ்டிக்கை எரிப்பதை நம் நாட்டுச் சட்டம் 2017 செப்டெம்பர் முதல் தடைசெய்துள்ளது.

வண்டி வந்து ஏற்றிச் சென்றால் நம் கடமை முடிந்துவிடுமா? அதே 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் திருநாளிலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்புத் திருப்பெருந்துறையிலும் அவ்வாண்டு குப்பைமேடு தீப்பற்றி, அயலிலுள்ளோர் புகையால் வருந்தினர். நாம் எறிவது எப்போதும் வேறொருவர் வாசலிலேயே போய் விழுகிறது.

நேயர்களே, உக்குவதற்கு ஒரு வாளி, உலர்ந்ததற்கு ஒரு சாக்கு. இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு இல்லை. வீட்டுப் பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். ஒரு திங்களில் அது பழக்கமாகிவிடும். இரண்டிலும் சேராமல் எஞ்சுவது சிறிதளவே; அதை மட்டும் சபையின் வண்டிக்குக் கொடுப்போம். அயலவர் வாசலும் வாவியும் தூய்மையாக இருக்க, வேலை நம் குசினியிலேயே தொடங்கட்டும்.