பூட்டாத வாயில்

அறைக் கதவைப் பூட்டியபின், பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே வகுப்புக்குச் செல்பவன் நான். ஆயினும், நாங்கள் நால்வர் குடியிருக்கும் வாடகை வீட்டு ரௌட்டருக்கு, வாங்கிய நாள்முதல் ‘அட்மின்’ என்பதே பெயரும் கடவுச்சொல்லும்! சென்ற திங்கள் விருந்தினராக வந்த நண்பர் ஒருவர், ஒரே நிமிடத்தில் அதனுள் நுழைந்து காட்டியபோது நாணித் தலைகுனிந்தேன்.

நண்பர்களே, இதைச் சிறு பிழையென எண்ணற்க. 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய நிரல் பரவியது. அது கையாண்ட சூழ்ச்சி மிக எளிது. ஆலையிலேயே இட்டுவைத்த பெயர்களும் கடவுச்சொற்களுமாக 60-க்கு மேற்பட்ட இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. கண்காணிப்புக் கேமராக்களும் ரௌட்டர்களும் இலட்சக்கணக்கில் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் அத்தகைய அடிமைக் கருவிகள், இணையத்தளங்களுக்கு முகவரி காட்டும் ‘டைன்’ நிறுவனத்தைத் தாக்கவே, ட்விட்டர் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாமற் போயின. கருவிக்கு உரியவர்களோ ஒன்றும் அறியார்! மிராயைப் படைத்தோருள் ஒருவர் நம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவரே.

காக்கும் வழி யாது? கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் மிராய் நீங்கிவிடும். கடவுச்சொல் பழையதேயாயின் மறுபடியும் புகுந்துவிடும். ஆகவே இணையக் கம்பியைக் கழற்றிக் கருவியை அணைத்து இயக்குக; நிர்வாகக் கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றுக; பின்னர்க் கம்பியை இணைத்து மென்பொருளைப் புதுப்பிக்க. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், டபிள்யூ.பி.எஸ். வசதியையும் நிறுத்துக. வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 காப்பைத் தேர்க.

அறைக்கதவு திறந்து கிடந்தால் நம் பொருள் போகும். இந்த வாயில் திறந்து கிடந்தாலோ, நாம் அறியாமலே பிறருக்குத் தீங்கு செய்தவர்களாவோம். நான் அன்றிரவே மாற்றிவிட்டேன், நீங்கள்?