அப்பா பெயரில் ஒரு ஆல்பம்!

'பங்க்' என்றால் நம்மூரில் பெட்ரோல் போடுகிற இடம். சலூனில் கேட்டால் ஒரு தினுசான கிராப்பு. 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் அது ஒரு சங்கீதம். (பாகவதர்கள் மன்னிக்க!) மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறு! அவ்வளவுதான் கொள்கை.

அந்தக் கொள்கையின் தெம்பில் முதல் ஆல்பம் போட்ட தமிழ்ப் பெண் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த, 1986-ல் அம்மாவோடு அகதியாக லண்டன் திரும்பியவர்.

படித்தது பாட்டல்ல, ஓவியமும் சினிமாவும். 'எலாஸ்டிகா' என்ற ராக் குழு ஊர் ஊராகப் போனபோது வீடியோ எடுக்கக் கூடப் போனார். அங்கே வந்த பீச்சஸ் என்கிற பாடகி, ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளப்பெட்டியைக் காட்டி, "நீயே பண்ணேன்" என்று உசுப்பிவிட்டார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் அந்தப் பெட்டியை இரவல் கொடுத்தார். எங்க கணபதியில் வாடகை ஷெட்டில் யாரோ கொடுத்த பழைய லேத்தை வைத்துப் பட்டறை போட்டவர்களைக் கேளுங்கள். "மெசின் யாருதா இருந்தா என்னங்க, கை நம்முளுதுதானுங்களே!" என்பார்கள்.

2003-ல் 'கலாங்' பாட்டு வெறும் 500 இசைத்தட்டு. 2005-ல் முழு ஆல்பம், பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியல் வரை போனது. நான் படித்த பி.காம். கணக்கில் முதலீடு ஒரு இரவல் பெட்டி; சரக்கு, ஒரு குழந்தை பார்த்த போர். சும்மா விடுவார்களா? புலிப் படங்களைப் போட்டதற்குத் திட்டு. ஒரு பாட்டில் பாலஸ்தீன இயக்கத்தின் பெயர் வந்ததால் எம்.டி.வி. கதவைச் சாத்தியது.

ஆல்பத்தின் பெயர் 'அருளர்'. ஈராஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அப்பாவின் இயக்கப் பெயர். போராட்டத்துக்குப் போனவர் வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான். இந்தப் பெயரைப் பார்த்தாவது தேடி வருவார் என்பது மகளின் கணக்கு. வந்தது மின்னஞ்சல்தான், தலைப்பை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை. 2019-ல் அவர் காலமானார்.

2007-ல் அடுத்த ஆல்பம், 'கலா'. அது அம்மா பெயர். லண்டனில் துணி தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

வீட்டை விட்டுப் போனவருக்கு முதல் ஆல்பம், வீட்டைத் தாங்கினவருக்கு இரண்டாவது. வரிசை கொஞ்சம் இடிக்குதுங்களே, அம்மணி!